வாடகை வீட்டின் வெப்ப மதிப்பெண்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இ.பி.சி. என்று எல்லோரும் சொல்லும் எரிசக்தித் திறன் சான்றிதழ், அடிப்படையில் ஒரு செலவுக் கணக்கு. வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் வைக்கவும் விளக்கெரிக்கவும் ஆண்டுக்கு எவ்வளவு பணம் ஆகும் என்று கணித்து, அதைத் தரைப்பரப்போடு ஒப்பிட்டு, ஒரு மதிப்பெண்ணாக மாற்றுகிறார்கள். 92-உம் அதற்கு மேலும் ஏ; 81 முதல் பி; 69 முதல் சி; 55 முதல் டி; 39 முதல் இ; 21 முதல் எஃப்; அதற்கும் கீழே ஜி. வாடகை வீடுகளுக்கு 2008 அக்டோபர் முதல் இந்தச் சான்றிதழ் கட்டாயம். ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டுகள் செல்லும்.

குடியிருப்பவருக்கு வரும் பில்லுக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. உட்காரும் அறை 21 பாகை, மற்ற அறைகள் அதைவிடச் சற்றுக் குறைவு, நாளுக்குக் குறிப்பிட்ட மணி நேரம் ஹீட்டிங் ஓடும் என்று ஒரு சராசரிக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொண்டு கணக்குப் போடுகிறார்கள். போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹீட்டிங்கைப் போடாமலே இருக்கும் குடும்பத்தாலும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நாள் முழுதும் ஓடவிடும் குடும்பத்தாலும் மதிப்பெண் ஒரு புள்ளிகூட மாறாது. மதிப்பெண் ஆள்களுக்கு உரியதல்ல. சுவர், கூரை, தரை, ஜன்னல், சூடாக்கும் கருவி, அது எரிக்கும் எரிபொருள் ஆகியவற்றுக்கு உரியது.

எரிபொருளின் விலை அதிலே பெரும் பங்கு வகிக்கிறது. மின்சாரம் யூனிட்டுக்கு எரிவாயுவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. சுவரில் மாட்டிய மின் ஹீட்டர் தான் வாங்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக மாற்றினாலும், பணக் கணக்கில் அது தோற்கிறது. அதே வீட்டில் ஒரு சுமாரான எரிவாயு பாய்லர் இருந்தால் மதிப்பெண் ஏறிவிடும். சூழலுக்கு நல்லது எது என்ற கேள்விக்கு இந்த எழுத்து ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்ற குறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது நியாயமான குறைதான். இப்போதைய எஸ்.ஏ.பி. கணக்கு முறைக்குப் பதிலாக ஹோம் எனர்ஜி மாடல் என்ற புதிய முறையை அரசு உருவாக்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தின் கதை கொஞ்சம் வளைந்து நெளிந்தது. 2011ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தின் கீழ் 2015இல் தனியார் வாடகை வீடுகளுக்கான விதிகள் வந்தன. 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக வாடகைக்கு விடும் வீடு குறைந்தது 'இ' தரத்தில் இருக்க வேண்டும் என்றும், 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் அதே விதி என்றும் அவை சொல்லின. உரிமையாளர் கையிலிருந்து பணம் போட வேண்டியதில்லை, கிரீன் டீல் என்ற கடன் திட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதே தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு 2015 ஜூலையில் அரசே நிதியை நிறுத்திவிட்டது. விதி நின்றது, அதைத் தாங்கிய தூண் விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019இல் திருத்தம் வந்தது: உரிமையாளர் ஒரு வீட்டுக்கு, வாட் வரியும் சேர்த்து, 3,500 பவுண்டு வரை சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டும். அதற்குள் 'இ' எட்டவில்லையென்றால், முடிந்ததைச் செய்துவிட்டு விலக்குப் பதிவேட்டில் பதிய வேண்டும். விலக்கு 5 ஆண்டுகளுக்கு. வீட்டை விற்றால் வாங்கியவருக்குப் போகாது. விதியை மீறினால் உள்ளூராட்சி மன்றம் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம்.

'சி' தரத்தைக் கட்டாயமாக்கும் யோசனை 2020இல் முன்வைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிடுவதாக அறிவித்தார். ஆட்சி மாறியபின், 2025 பிப்ரவரியில் அது மறுபடி கலந்தாய்வுக்கு வந்தது: புதிய வாடகைகளுக்கு 2028, எல்லா வாடகைகளுக்கும் 2030, செலவு உச்சவரம்பு 15,000 பவுண்டு என்ற எண்களோடு. வரைவு எண்கள் கலந்தாய்வுக்குப் பின் மாறுவது வழக்கம். ஆனால் 'சுனக் நிறுத்திவிட்டார், இனிக் கவலையில்லை' என்று 2023இல் பாய்லர்க்காரரைத் திருப்பி அனுப்பியவர்கள் அந்த முடிவை மறுபரிசீலனை செய்வது நல்லது.

லண்டன் தமிழர்கள் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங் பக்கம் நீளும் தெருக்களில் விக்டோரியா காலத்தின் கடைசியிலும் எட்வர்டு காலத்திலும் கட்டப்பட்ட, ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். வெம்ப்லி, ஹாரோ பக்கம் 1920, 30களில் மெட்ரோபொலிட்டன் ரயில் பாதையைத் தொடர்ந்து முளைத்த இரட்டை வீடுகள். தெருவில் நின்று பார்த்தால் இரண்டுமே செங்கல் வீடுதான். சுவருக்குள்ளே நிலைமை வேறு.

வரிசை வீடுகளின் சுவர் பொதுவாக 9 அங்குலத் திண்சுவர், இடைவெளியே கிடையாது. இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஒரே வரியில் செங்கல்லின் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் மாறி மாறித் தெரிந்தால் திண்சுவர். எல்லாக் கல்லும் நீளப் பக்கத்தையே காட்டினால், இரண்டு மெல்லிய சுவர்களுக்கு இடையே ஏறத்தாழ 5 செ.மீ. வெற்றிடம் விட்டுக் கட்டிய கேவிட்டிச் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். பூச்சு பூசி மறைத்திருந்தால் வாசல் நிலையில் தடிமனை அளக்க வேண்டும்: 25 செ.மீ. ஒட்டி வந்தால் திண்சுவர், 28-ஐத் தாண்டினால் கேவிட்டி. 1930களின் இரட்டை வீடுகளில் இரண்டும் உண்டு. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்றிருக்கும் வீடுகளும் உண்டு. கேவிட்டியென்றால் செலவு நூறுகளில் தொடங்கும், திண்சுவரென்றால் ஆயிரங்களில். அதனால் எந்த முடிவுக்கும் முன் இந்த ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

அதற்கும் முன்னால் காகிதம். மதிப்பெண் போட வருபவர் சுவரைத் துளைப்பதில்லை, தரைப் பலகையைப் பெயர்ப்பதில்லை. கண்ணால் பார்க்க முடிந்ததையும், கையில் கொடுத்த ஆவணத்தையும் மட்டுமே பதிவு செய்வார். மற்றதெல்லாம் வீட்டின் வயதைப் பார்த்து ஊகம். 1900க்கு முன் கட்டியது என்றால் ஒரு பட்டியல், 1900 முதல் 1929 வரை இன்னொன்று, 1930 முதல் 1949 வரை வேறொன்று என்று ஒவ்வொரு வயதுக்கும் இயல்பான சுவரும் கூரையும் கணினியில் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. வெப்பக்காப்பு கண்ணுக்குத் தெரியாமல் பலகைக்குப் பின்னால் இருந்து, காகிதமும் இல்லையென்றால், கணக்கில் அது இல்லை.

லாஃப்ட்டை அறையாக மாற்றிய வீடுகளில் இந்த இழப்பு அடிக்கடி நடக்கிறது. ஈஸ்ட்ஹாம் தெருக்களில் கூரையை உயர்த்தி ஓர் அறை கூட்டாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். கட்டும்போது சட்டப்படி வெப்பக்காப்பு வைத்திருப்பார்கள். கட்டட ஆய்வாளர் கொடுத்த நிறைவுச் சான்றிதழ் எங்கோ ஒரு பைலில் இருக்கும், அல்லது வீட்டை வாங்கியபோது சொலிசிட்டர் அனுப்பிய கட்டில் இருக்கும். அது வராத காரணத்தால் அந்தக் கூரை வெறுங்கூரையாகவோ அரைகுறையாகவோ பதிவாகிறது. பின்பக்கம் நீட்டிய சமையலறைக்கும் இதே கதை. ஜன்னல் மாற்றியிருந்தால் 2002க்குப் பிந்தையது என்று காட்டும் ஃபென்ஸா சான்றிதழ், கேவிட்டி நிரப்பியிருந்தால் 25 ஆண்டு உத்தரவாதப் பத்திரம், பாய்லரின் மாடல் எண், வேலை நடக்கும்போது எடுத்த, நாளும் இடமும் தெரியும் படங்கள், பில்கள் எல்லாம் ஒரே உறையில் தயாராக இருக்க வேண்டும். லாஃப்ட்டின் கதவு திறக்கிற நிலையில் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்து ஒட்டிப்போன கதவு, மேலே 30 செ.மீ. கம்பளி இருந்தாலும் ஊகத்துக்கே வழிவிடும். ஓர் ஆணிகூட அடிக்காமல் சில வீடுகள் ஓர் எழுத்து மேலேறுவது இப்படித்தான்.

காகிதம் சேர்ந்தபின் கூரை. வெப்பக்காப்பே இல்லாத வீட்டில் கால்வாசி வெப்பம் கூரை வழியாகவும் மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் போகிறது என்பது பொதுவான கணக்கு. கூரைக்கான வேலை மலிவு, சுவருக்கான வேலை விலை. அதனால் கூரைக்கே முதலிடம். கனிமக் கம்பளி 270 மி.மீ. கனத்துக்கு வேண்டும்: 100 மி.மீ. கட்டைகளுக்கு இடையே, மீதி 170 மி.மீ. கட்டைகளின் மேல் குறுக்காக. கூரையின் ஓரத்தில் காற்றோட்டத்துக்கு வழி விட வேண்டும், இல்லையென்றால் மரம் ஈரம் கோத்து உளுத்துப்போகும். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் அடியில் மட்டும் கம்பளி வைக்கக் கூடாது. கீழிருந்து வரும் சிறு வெப்பம்தான் அது உறையாமல் காக்கிறது. வாடகை வீட்டு லாஃப்ட்டைப் பல உரிமையாளர்கள் தங்கள் கிடங்காக வைத்திருக்கிறார்கள்: பழைய சூட்கேஸ்கள், கொலுப் படிகள், விசேஷத்துக்கு வாங்கிய அண்டாக்கள். கம்பளியின் பலன் அதற்குள் சிக்கிய காற்றில் இருக்கிறது. அண்டா ஏறி அமுங்கினால் அந்தப் பலன் போய்விடும்.

சிறு வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் அவை சிறியவையல்ல. எல்லா விளக்கும் எல்.இ.டி., வெந்நீர் உருளைக்கு 80 மி.மீ. உறை, அறைத் தெர்மோஸ்டாட், நேரம் வைக்கும் கருவி, ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் வெப்பம் கட்டுப்படுத்தும் வால்வு. ஒரு புள்ளி இரண்டு புள்ளியாக ஏறும். 37இல் நிற்கும் வீட்டுக்கும் 67இல் நிற்கும் வீட்டுக்கும் தேவை அந்த இரண்டு புள்ளிதான். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, எரியாத புகைபோக்கி வழியே வரும் ஊதக்காற்றை அடைப்பது மதிப்பெண்ணைப் பெரிதாக நகர்த்தாது. ஆனால் குடியிருப்பவர் முதல் நாளே உணரும் மாற்றம் அதுதான். மரத்தரைக்குக் கீழே காற்றோடுவதற்காக வெளிச்சுவரின் அடியில் வைத்திருக்கும் துளைச் செங்கல்லை மட்டும் எவரும் அடைக்கக் கூடாது. குளிர் வருகிறது என்று அதைச் சிமெண்ட் பூசி மூடியவர்கள், பத்து ஆண்டு கழித்துத் தரையையே மாற்றியிருக்கிறார்கள்.

பாய்லர் விஷயம் நேரானது. 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக மாட்டும் எரிவாயு பாய்லர், சிறு விலக்குகள் தவிர, புகையிலிருக்கும் வெப்பத்தையும் மீட்கும் கண்டென்ஸிங் வகையாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய பாய்லர் இன்னும் ஓடும் வீட்டில், குறிப்பாகக் கணப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பழைய பாய்லர் உள்ள வீட்டில், அதை மாற்றுவதே ஒரே வேலையில் அதிகப் புள்ளி தரக்கூடியது. புதிய பாய்லரையும் 80 பாகையில் ஓடவிட்டால் அந்த மீட்பு நடக்காது. ரேடியேட்டருக்குப் போகும் நீரை 60 பாகை அளவுக்குக் குறைத்துவைக்க வேண்டும். இது மதிப்பெண்ணில் தெரியாது, பில்லில் தெரியும்.

சுவரில்தான் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அதிகம். கேவிட்டியை நிரப்புவது ஒரு நாள் வேலை, ஆனால் முதலில் துளையிட்டுக் கேமரா விட்டு உள்ளே பார்க்க வேண்டும். வெற்றிடத்தில் சாந்துக் குப்பை கிடந்தாலோ, காற்றோடு மழை அறையும் மேற்குப் பகுதிகளில் வீடு இருந்தாலோ, நிரப்பிய பொருளே ஈரத்தை உள்சுவருக்குக் கடத்தும் பாலமாகிவிடும். திண்சுவருக்கு இரண்டு வழிகள். வெளியே பலகை ஒட்டிப் பூசுவது முதல் வழி: அறைகள் சுருங்காது, ஆள் குடியிருக்கும்போதே செய்யலாம், ஆனால் தெருவின் செங்கல் முகம் மறையும், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதி கிடைப்பது கடினம். உள்ளே ஒட்டுவது இரண்டாவது: அனுமதிச் சிக்கல் குறைவு, ஆனால் ஒவ்வொரு வெளிச்சுவரிலும் 6 முதல் 10 செ.மீ. போகும், சுவிட்சு, ரேடியேட்டர், சட்டம் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும், வீடு காலியாக இருக்கும்போது செய்வதே எளிது.

உள்வழியில் ஒளிந்திருக்கும் ஆபத்து இன்னொன்று. காப்புப் பலகைக்குப் பின்னால் செங்கல் முன்னைவிடக் குளிர்ந்துபோகிறது. அறையின் ஈரக்காற்று எந்த இடுக்கு வழியாகவாவது அங்கே போய்ச் சேர்ந்தால் நீராகப் படியும். மேல்மாடியின் மரக்கட்டைகள் அந்தச் சுவருக்குள்தான் தலை நுழைத்திருக்கின்றன. அந்தத் தலைகள் யாருக்கும் தெரியாமல் உளுக்கும். ஜன்னல் ஓரத்தை மட்டும் விட்டுவிட்டால், ஈரமெல்லாம் அந்த ஒரு குளிர்ப் பட்டையில் வந்து கறுக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வாங்கவும் விடவும் தெரிந்தது. மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் அதோடு ஒத்துப்போகும், நீராவி புகாத மலிவான ஃபோம் பலகை எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை இந்த வேலையின் தரத்தை நாடறியச் செய்தது: அரசின் ஈகோ திட்டத்தின் கீழ் வெளிச்சுவர் காப்புப் போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டிலும், உள்சுவர்க் காப்புப் போட்டவற்றில் 29 விழுக்காட்டிலும் திருத்தியாக வேண்டிய பெரும் குறைகள். 'இலவசமாகச் செய்து தருகிறோம்' என்று கதவைத் தட்டியவர்களை நம்பிய வீடுகள் அவற்றில் உண்டு. டிரஸ்ட்மார்க் பதிவும், பாஸ் 2035 நெறிப்படி முழு வீட்டையும் முதலில் ஆராயும் ஒருங்கிணைப்பாளரும் இல்லாமல் திண்சுவரில் கை வைக்காமலிருப்பதே உத்தமம். மதிப்பெண்ணுக்காக மட்டும் என்றால், சுவர் கடைசி வேலை.

இடுக்குகளை அடைத்த வீட்டுக்குக் காற்றோட்டம் தனியாகக் கொடுக்க வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் வெளியே தள்ளும் மின்விசிறி, ஈரப்பதத்தை உணர்ந்து தானே ஓடும் வகையாக இருந்தால் நல்லது. ஜன்னல் மேல்சட்டத்தில் சிறு காற்றுவழி, உட்கதவுகளின் கீழே ஒரு விரல் இடைவெளி. குக்கர் ஆவியும், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளே உலரும் துணியும் எந்தக் குடும்பத்திலும் இருப்பவை. சுவர் வியர்த்துப் பூஞ்சணம் பூத்தால் 'நீங்கள் சமைக்கிற சமையல்தான் காரணம்' என்று குடியிருப்பவரைச் சொல்வது, தமிழ் உரிமையாளர் தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தே சொல்லும் அளவுக்குப் பழகிப்போன பதில். ராச்டேலில் 2020 டிசம்பரில் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெற்றோரும், வாழும் முறைதான் காரணம் என்ற அதே பழியைக் கேட்டவர்கள். நீண்ட நாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுநோயே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி கண்டறிந்தார். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுவசதி அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது. தனியார் வாடகைக்கும் அதை விரிப்பதற்கான அதிகாரம் 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

கடைக்கு மேலே உள்ள ஃப்ளாட்டும், கவுன்சிலிடமிருந்து வாங்கிய ஃப்ளாட்டும் தனி இனம். சுவரும் கூரையும் அங்கே ஃப்ரீஹோல்டருடையவை. அனுமதி கேட்டு எழுதி, மறுப்பும் எழுத்தில் வந்தால், மூன்றாம் தரப்பு ஒப்புதல் கிடைக்கவில்லை என்ற பெயரில் விலக்குப் பதியலாம்; வாய்மொழி மறுப்புக்கு மதிப்பில்லை. எரிவாயு இணைப்பில்லாத ஃப்ளாட்டில், சுவரில் மாட்டிய சாதாரண மின் ஹீட்டர்களை எடுத்துவிட்டு, இரவின் மலிவு மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் புதிய வகைச் சேமிப்பு ஹீட்டர்களை இரட்டை நேர மீட்டரோடு போட்டாலே எழுத்து ஏறிவிடுவதுண்டு. உருளைக்கு உறையும் அதோடு சேர வேண்டும்.

ஹீட் பம்ப்புக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம் உண்டு; வாடகைக்கு விடுபவரும் பெறலாம். ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் தரும் கருவிதான். ஆனாலும் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப்போல நான்கு மடங்காக இருக்கும் வரை, வெப்பம் ஒழுகும் திண்சுவர் வீட்டில் அது குடியிருப்பவரின் பில்லைக் குறைக்கும் என்று வாக்களிக்க முடியாது. சூரியத் தகடு மதிப்பெண்ணைக் கணிசமாக உயர்த்துகிறது. கூரை தெற்கே பார்த்து, நிழல் விழாமல் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. வெப்பக்காப்பு, ஹீட் பம்ப், தகடு ஆகியவற்றைத் தொழில்முறையில் பொருத்துவதற்கு 2027 மார்ச் 31 வரை வாட் வரி இல்லை.

செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்பது வாடகை வீட்டின் பழைய முரண். உரிமையாளர் கம்பளி வாங்குகிறார், குடியிருப்பவரின் பில் குறைகிறது. வேலைக்காக 1,500 பவுண்டு வரை வருமானத்தில் கழிக்கவிட்ட வரிச்சலுகையும் 2015 ஏப்ரலோடு போய்விட்டது. இப்போது பழுதுபார்ப்பு வருமானத்தில் கழியும், மேம்பாடு கழியாது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் இரட்டைக் கண்ணாடி போடுவதை வரித்துறை பழுதுபார்ப்பாகவே ஏற்கிறது; முன்பு இல்லாத இடத்தில் புதிதாகக் காப்புப் போடுவது பெரும்பாலும் மேம்பாடு. பில்லில் இரண்டையும் கலந்து எழுதவிடாமல், தனித்தனி வரிகளாக வாங்கிக் கணக்காளரிடம் கொடுப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

வேலை தொடங்குமுன் மதிப்பீட்டாளரிடம் பதிவு செய்யாத வரைவுக் கணக்கு ஒன்று கேட்கலாம்: லாஃப்ட் மட்டும் செய்தால் எத்தனை, பாய்லரும் சேர்ந்தால் எத்தனை, சுவரும் சேர்ந்தால் எத்தனை என்று அதே மென்பொருளில் போட்டுப் பார்த்துச் சொல்வார். வேலை முடிந்தபின் புதிய மதிப்பீடு எடுத்துப் பதிவேற்ற வேண்டும். அதுவரை, என்ன செலவு செய்திருந்தாலும், முகவரியைத் தட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேட்டில் பழைய எழுத்தே நிற்கும். புதிய சான்றிதழின் ஒரு படி குடியிருப்பவருக்கு, கட்டணமின்றி. இன்னொரு படி அந்த உறைக்குள், பில்களோடு.